லின்டன்ஸெல்லில் நாற்பது நிமிஷம்

“என்ர மனிசன் கள்ளன் இல்லை அக்கா. ஆனா பொய் சொல்லுறார்.”

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு இப்படிச் சொல்லிக்கொண்டே கமலினி வந்து கதிரையில் உட்கார்ந்தபோது, துப்பறியும் வேதவல்லி அம்மையார் தோசை சுட்டுக்கொண்டிருந்தார். துப்பறிகிறவர் என்றதும் நீங்கள் வாசலில் பித்தளைப் பலகையும் உள்ளே சுழல் நாற்காலியும் இருக்கும் என்று கற்பனை செய்திருப்பீர்கள். அதெல்லாம் கிடையாது. மெல்பேர்ன் பிரன்ஸ்விக்கில் ஓர் இத்தாலியன் ரொட்டிக்கடைக்கு மேலே இரண்டு அறை, ஒரு குசினி. இருபது வருஷம் மெட்ராஸில் ஓர் இன்சூரன்ஸ் கம்பெனிக்காகப் பொய் பேசுகிறவர்களைப் பிடித்தவர். மகளுக்குத் துணையாக இந்த நாட்டுக்கு வந்தார். மகள் கன்பராவுக்கு மாறிப் போன பிறகும் இவர் நகரவில்லை. கீழே இருந்து வரும் ரொட்டி வாசனை பிடித்துப் போய்விட்டதாம்.

நான் இந்திரகுமார். யாழ்ப்பாணத்துச் சாவகச்சேரிக்காரன். ட்ராமில் கொண்டக்டர் உத்தியோகம், மிச்ச நேரத்தில் வல்லி அக்காவுக்கு உதவியாளன். சம்பளம் தோசை. அன்றைக்கு எனக்கு இரண்டாவது தோசை வரவேண்டிய நேரத்தில்தான் கமலினி அக்கா வந்து சேர்ந்தார். எனக்குக் கோபம் வருமா வராதா, நீங்களே சொல்லுங்கள்.

“முதல்ல தண்ணி குடிம்மா. அப்புறம் முதல்லேர்ந்து சொல்லு” என்றார் வல்லி அக்கா.

கமலினி ஒரு கடிதத்தை நீட்டினார். சிட்டியில் உள்ள ஒரு டிராவல் கம்பெனி அனுப்பியது. ஜூன் மாதம் அவர்கள் நடத்திய ஐரோப்பிய பஸ் சுற்றுலாவில் டொக்டர் சச்சிதானந்தனும் மனைவி கமலினியும் போயிருக்கிறார்கள். ஜெர்மனியில் லின்டன்ஸெல் என்ற சின்ன ஊரில் ஒரு பழைய துறவிமடத்துத் தேவாலயத்தைப் பார்க்க பஸ் நின்றது. அன்றைக்கு அந்தக் கோயிலிலிருந்து இருநூற்றைம்பது வருஷப் பழமையான வெள்ளிக் குழந்தைச் சிலை ஒன்று காணாமல் போய்விட்டது. பெருவிரல் அளவுதான். எல்லாரும் கால் மணி நேரத்தில் வெளியே வந்துவிட்டார்கள், டொக்டர் மட்டும் நாற்பது நிமிஷம் உள்ளே நின்று பஸ்ஸைக் காக்க வைத்தார். வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் அதற்கு ஒரு விளக்கம் வராவிட்டால் அவருடைய பெயரை ஜெர்மன் பொலிசுக்குக் கொடுத்துவிடுவோம் என்று மிகவும் மரியாதையாக எழுதியிருந்தார்கள்.

“நீ எங்கம்மா இருந்த அப்போ?”

“பஸ்ஸுக்குள்ள தலையிடியோட படுத்துக் கிடந்தனான். இவர் திரும்பி வரேக்க முகம் ஒரு மாதிரி. என்னப்பா எண்டு கேட்டன். கூரையில நல்ல படம் கீறியிருக்கு எண்டார். எட்டு வருஷம் குடும்பம் நடத்தினவளுக்குத் தெரியாதே? இந்த மனிசன் எங்கட வீட்டுக் கூரை ஒழுகினாலே நிமிந்து பாக்காது!”

எனக்குச் சிரிப்பு வந்தது. கமலினி அக்காவுக்கு வரவில்லை.

“களவு எண்டு ஆரும் சொன்னா நான் சிரிச்சுப்போட்டுப் போயிடுவன். ஆனா எனக்கு எதையோ ஒளிக்கிறார். ரெண்டு மாசமாக் கேட்டுப் பாத்திட்டன், வாய் திறக்கேல்லை. வேற ஆரும் பொம்பிளையோ, என்ன கோதாரியோ. சனிக்கிழமை ரெயினுக்கு சிட்னிக்கு டிக்கெட் எடுத்திட்டன். வென்ட்வேர்த்வில்லில அண்ணா இருக்கிறார். இவர் உண்மையைச் சொன்னா நிப்பன். சொல்லாட்டிப் போவன். போனா வரமாட்டன்.”

அவர் அழவில்லை. அழாமல் அதைச் சொன்னதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அவர் படியிறங்கிப் போனதும், “டொக்டர் அண்ணை கோயிலுக்குள்ள நாப்பது நிமிஷம் நிண்டவர் எண்டதை நான் நம்பமாட்டன் அக்கா” என்றேன். “போன பொங்கலுக்கு எங்கட ஆக்களின்ர ஹோலில, நேர்த்திக்கடன் எண்டா கடவுளுக்குக் குடுக்கிற லஞ்சம் எண்டு ஒரு மணித்தியாலம் பேசினவர். பொங்கல் கல்லாப் போச்சு. நான் கற்பூரம் கொளுத்தினதுக்கு, ஃபயர் பிரிகேடைக் கூப்பிடட்டோ எண்டு கேட்டவர்.”

“அப்படிப்பட்டவர் கோயிலுக்குள்ள நாப்பது நிமிஷம் என்ன பண்ணினார்?”

“களவெடுத்திருப்பார்.”

“உனக்கு ரெண்டாவது தோசை கிடையாது” என்றார் வல்லி அக்கா.

மத்தியானம் ஆஸ்பத்திரிக் கார் நிறுத்துமிடத்தில் டொக்டரைப் பிடித்தோம். நெட்டையான மனிதர். யாரைப் பார்த்தாலும் எக்ஸ்ரே பார்க்கிற மாதிரி வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்துப் பார்ப்பார்.

“கமலினி அனுப்பினவளோ?” என்றார்.

“ஆமா. ஒரே ஒரு கேள்வி டாக்டர். கூரையில என்ன படம்?”

“சம்மனசுகள், தேவதூதர்கள்.”

“எத்தனை?”

“கனக்க.”

“என்ன நிறம்?”

டொக்டர் கார்ச் சாவியைப் பார்த்தார். சாவியில் நிறம் எழுதியிருக்கவில்லை. “இஞ்ச பாருங்கோ, நான் ஒண்டும் களவெடுக்கேல்லை. பதினைஞ்சாம் திகதிக்குப் பிறகு என்ன வேணுமெண்டாலும் கேளுங்கோ. அதுவரைக்கும் நான் ஒண்டும் கதைக்கமாட்டன்.”

“வெள்ளிக்கிழமை ஆறாம் தேதி, டாக்டர். அன்னிக்கு உங்க பேரு ஜெர்மனிக்குப் போகுது. மறுநாள் உங்க சம்சாரம் சிட்னிக்குப் போறாங்க.”

அவர் கை சாவியோடு அப்படியே நின்றது. டிக்கெட் எடுத்த விஷயம் மனிதருக்குத் தெரியாது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவர் காரில் ஏறி, ரிவர்ஸ் எடுக்கவேண்டிய இடத்தில் முன்னுக்கு எடுத்து ஒரு குப்பைத் தொட்டியை இடித்துவிட்டுப் போனார்.

“பயந்திட்டார். கள்ளன்தான்” என்றேன்.

“பதினஞ்சாம் தேதி என்னடா விசேஷம்?” என்றார் வல்லி அக்கா. அவர் என்னிடம் கேட்கவில்லை. அந்தக் குப்பைத் தொட்டியிடம் கேட்டார்.

புதன்கிழமை பின்னேரம் நாங்கள் கேம்பர்வெல்லில் மிஸிஸ் ஹார்பர் வீட்டு ஹோலில் திரைச்சீலையை இழுத்து மூடிக்கொண்டு இருந்தோம். ஓய்வுபெற்ற பள்ளிக்கூட ஆசிரியை. அதே பஸ்ஸில் போனவர். அவரிடம் அந்தப் பயணத்து ஸ்லைடுகள் முந்நூற்றுப் பன்னிரண்டு இருப்பதாக டிராவல் கம்பெனிக்காரர் சொல்லியிருந்தார். சொல்லும்போது அவர் குரலில் ஒரு நடுக்கம் இருந்தது. ஏன் என்று ஐம்பதாவது ஸ்லைடில் எனக்கு விளங்கியது. மனிசி ஹொலண்டில் ஒவ்வொரு மாட்டையும் தனித்தனியாகப் படம் எடுத்திருக்கிறார்.

“லின்டன்ஸெல்லுக்கு நேரே போகலாமா, மிஸிஸ் ஹார்பர்?” என்று வல்லி அக்கா இங்கிலீஷில் பணிவாகக் கேட்டார்.

“வரிசை வரிசைதான், டியர். லாமிங்டன் எடுத்துக்கொள்ளுங்கள்.”

லாமிங்டன் என்பது சொக்லேட்டில் முக்கித் தேங்காய்ப்பூவில் புரட்டிய கேக். அதுதான் என் உயிரைக் காப்பாற்றியது. நூற்றுமுப்பத்தைந்தாவது ஸ்லைடில் ஒருவழியாக லின்டன்ஸெல் வந்தது. ஓர் ஆறு, ஒரு மரப்பாலம், இறைச்சிக்கடை, அதற்குப் பின்னால் மலைச்சரிவில் தேவாலயம். இரண்டு கோபுரம், இரண்டின் தலையிலும் பச்சைச் செப்பில் வெங்காயம். மடம் தொள்ளாயிரம் வருஷம் பழசாம். துறவிகள் அங்கே பியர் காய்ச்சி விற்பார்களாம்.

“எங்கட கோயில்களில மோர்தான் ஊத்துறது. அதுதான் கூட்டம் குறைவு” என்றேன் தமிழில்.

“வாய மூடிட்டுப் படத்தைப் பாரு.”

அடுத்த படம், பஸ்ஸுக்கு முன்னால் எல்லோரும் வரிசையாக நிற்பது. ஜூன் மாதமானாலும் மலையூர்க் குளிர் போலிருக்கிறது, டொக்டர் கழுத்தில் சிவப்புக் கம்பளி மஃப்ளர் சுற்றியிருந்தார். அதற்கடுத்தது கோயில் வாசல். ஆளுயரக் கதவு, தேய்ந்த கல்படி. படியின் ஓரத்தில் ஒரு சோடி பிரவுண் சப்பாத்து, உள்ளே சுருட்டிச் செருகிய சொக்ஸ்.

“அதை யாரோ ஒரு துறவி விட்டுவிட்டுப் போயிருப்பார் என்று நினைத்தேன். படம் கெட்டுப்போனது” என்றார் மிஸிஸ் ஹார்பர்.

வல்லி அக்கா கதிரையில் கொஞ்சம் முன்னுக்கு வந்தார். லாமிங்டன் கையிலேயே நின்றது.

கிளிக். கோயிலின் உட்புறம். அம்மாடி, எனக்கே வாய் பிளந்துவிட்டது. வெள்ளைச் சுவர், தங்கப் பூச்சு, தூணுக்குத் தூண் கொழுகொழுவென்று குழந்தைச் சம்மனசுகள். கூரை முழுக்க மேகமும் நீலமும். டொக்டர் அதை ஒருதரம் நிமிர்ந்து பார்த்திருந்தாலும் வல்லி அக்காவின் கேள்விக்கு நீலம் என்று சொல்லியிருப்பார்.

கிளிக். மாதா பீடத்துக்குப் பக்கத்தில் ஒரு சிவப்பு வெல்வெட் பலகை. அதில் வரிசையாகக் கொக்கிகள். கொக்கிகளில் வெள்ளியில் செய்த கண், கை, கால், இருதயம். இரண்டாவது வரிசைக் கடைசியில், துணியில் இறுக்கிச் சுற்றிய ஒரு வெள்ளிக் குழந்தை.

“அதுதான் காணாமல் போனது” என்றார் மிஸிஸ் ஹார்பர். “இனி வரும் நாலு படத்தையும் உங்கள் டொக்டர்தான் பாழாக்கினார். அந்தப் பீடத்தை ஆளில்லாமல் எடுக்க நான் எவ்வளவு நேரம் நின்றேன் தெரியுமா? மனிதர் ஒரு பக்கம் போனால் மறுபக்கம் வருகிறார்!”

கிளிக். பீடத்துக்கு இடப்பக்கம் டொக்டர். கிளிக். பீடத்துக்குப் பின்னால் அவருடைய தலை மட்டும். கிளிக். வலப்பக்கம் டொக்டர், கை நெஞ்சோடு மூடியிருக்கிறது. கிளிக். முதுகுப்புறம். கழுத்தில் மஃப்ளர் இல்லை. அது இடுப்பில் இறுக்கிக் கட்டியிருந்தது.

“அக்கா!” என்று நான் எழும்பியே விட்டேன். “பாத்தியளே! சத்தம் கேக்காமல் இருக்கச் சப்பாத்தைக் கழட்டியிருக்கிறார். ஆக்கள் போகுமட்டும் சுத்திச் சுத்தி நிண்டிருக்கிறார். எடுத்ததை இடுப்பில வைச்சுக் கட்டியிருக்கிறார்!”

கிளிக். தூணடியில் ஒரு பழைய இரும்புப் பெட்டி, மூன்று பூட்டு, மேலே அகலமான வாய். பெட்டியடியில் டொக்டர் குனிந்து நின்றார். கிளிக். மறுபடி அந்த வெல்வெட் பலகை. இரண்டாவது வரிசைக் கடைசிக் கொக்கியில் ஒன்றும் இல்லை.

கமலினி அக்காவிடம் போய் இதை எப்படிச் சொல்வது? பக்கத்தில் ஒரு வினோதமான சத்தம் வந்தது. திரும்பிப் பார்த்தால், வல்லி அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கிறார்.

“மிஸிஸ் ஹார்பர், அந்தப் பெட்டி என்ன பெட்டி?”

“காணிக்கைப் பெட்டி, டியர். வருஷத்துக்கு ஒருமுறைதான் திறப்பார்கள் என்று கைடு எல்லோருக்கும் சொன்னாள். மூன்று சாவி, மூன்று பேரிடம். மாதா திருநாளன்று, ஓகஸ்ட் பதினைந்து.”

வல்லி அக்கா இரண்டாவது லாமிங்டனை எடுத்தார்.

ட்ராம் தரிப்பில் நின்றுகொண்டு என்னை விசாரணை செய்தார். “குமார், உங்க நல்லூர்ல கோயிலுக்குள்ள போறப்ப செருப்பை என்ன பண்ணுவ?”

“கழட்டுவன். இதென்ன கேள்வி?”

“தோள்ல சால்வை இருந்தா?”

“சாமிக்கு முன்னால தோளில போடுறதே? எடுத்து இடுப்பில கட்டுவ...”

நான் அப்படியே நின்றுவிட்டேன். ட்ராம் வந்தது, கதவு திறந்தது, போனது. கொண்டக்டர் எனக்குத் தெரிந்த பொடியன், கை காட்டினான். நான் திருப்பிக் காட்டவில்லை.

“சொல்லு. கையில வெள்ளிப் பிள்ளையை வச்சுக்கிட்டு சாமியைச் சுத்தறதுன்னா?”

“எங்கட அம்மன் கோயிலில ஒரு தட்டு இருக்கும் அக்கா. வெள்ளியில கண், கை, கால், பிள்ளை. நேர்த்தி வைக்கிற ஆள் தனக்கு வேண்டினதைத் தட்டில இருந்து எடுத்து, மூண்டுதரம் வலம் வந்து, உண்டியலுக்குள்ள போட்டிடுவினம். உண்டியல் திறக்கேக்க ஐயர் அதை எடுத்துத் திரும்பத் தட்டில வைப்பார்.” நான் நெற்றியில் அடித்துக்கொண்டேன். “அந்தப் பலகையைத் தட்டு எண்டு நினைச்சிட்டார். சின்ன வயசில தாயோட போய்ப் பழகினபடி கை தானா வேலை செய்திருக்கு. அப்ப பிள்ளை களவே போகேல்லை. பெட்டிக்குள்ள கிடக்கு!”

“ஆமா. பதினஞ்சாம் தேதி பெட்டியைத் திறப்பாங்க, எடுத்து மாட்டிடுவாங்க, யாருக்கும் தெரியாமப் போயிடும்னு மனுஷன் உக்காந்திருக்கார். நேர்த்திக்கடன் வச்சவன்னு பேர் வாங்கறதுக்குத் திருடன்னு பேர் வாங்கறதே மேல்னு நினைச்சிட்டார்.”

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். பிறகு கமலினி அக்காவின் சிட்னி டிக்கெட் ஞாபகம் வந்தது. நிறுத்திக்கொண்டேன்.

அன்றைக்கே டிராவல் கம்பெனியிலிருந்து மடத்துக்கு ஒரு டெலக்ஸ் போனது: காணிக்கைப் பெட்டியைத் திறந்து பாருங்கள். வியாழக்கிழமை பதில் வந்தது: முந்நூறு வருஷமாகத் திருநாளுக்கு முன் பெட்டி திறந்த வழக்கம் இல்லை. வல்லி அக்கா மறு டெலக்ஸ் எழுதினார். மாதாவின் காலடியில் கிடக்கும் குழந்தையை வெளியே தேடுகிறீர்கள், அந்தத் தாயே சிரித்துக்கொண்டிருப்பாள் என்று. அதற்கு அங்கிருந்து ஒன்றும் வரவில்லை. நான் இரண்டு நாளும் டிக்கெட் கிழிக்கும்போது பிழையான மிச்சம் கொடுத்து நாலு கிழவிகளிடம் ஏச்சு வாங்கினேன்.

வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு டிராவல் கம்பெனி மேனேஜரின் அறையில் இருந்தோம். கமலினி ஜன்னலோரம், டொக்டர் கதவோரம். நடுவில் நாங்கள் இரண்டு பேரும் வேலி மாதிரி. மேனேஜர் ஐந்து நிமிஷத்துக்கு ஒருதரம் மணிக்கூட்டைப் பார்த்தார். நாலே முக்காலுக்கு வெளியே டெலக்ஸ் மெஷின் கடகடவென்று அடிக்கத் தொடங்கியது. மேனேஜர் ஓடிப்போய்க் காகிதத்தைக் கிழித்துக்கொண்டு வந்து வாசித்தார்.

மடாதிபதி, மேயர், ஊர் ரொட்டிக்காரர் மூவரும் இன்று காலை பெட்டியைத் திறந்தோம். குழந்தை உள்ளே இருந்தது, ஒரு கைக்குட்டையில் நாணயத்தோடு சேர்த்து முடிந்திருந்தது. சந்தேகப்பட்டதற்கு மன்னிப்புக் கேட்கிறோம். நாணயத்தில் வாத்துச் சொண்டும் நீர்நாய் உடம்புமாக ஒரு மிருகம் இருக்கிறது. அது என்ன தெய்வம் என்று தெரிவித்தால் உதவியாக இருக்கும். (தெய்வமில்லை, எங்கள் ஆஸ்திரேலிய இருபது சத நாணயத்துப் பிளாட்டிபஸ்.)

மேனேஜர் டொக்டரின் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கிவிட்டு, எல்லோருக்கும் தேநீர் கொண்டுவரப் போனார். கமலினி அசையவில்லை.

“நீங்கள் நேர்த்தி வைச்சனீங்களோ?”

டொக்டர் தரைவிரிப்பைப் பார்த்தார். “ஓம்.”

“நீங்கள்?”

“ஓம் எண்டுறன்.”

“வருஷா வருஷம் கந்தசஷ்டிக்கு நான் ஆறு நாள் பட்டினி கிடக்க, எனக்கு முன்னால இருந்து ஆட்டிறைச்சி திண்ட மனிசன்!”

“பசிச்சது.”

கமலினியின் உதடு துடித்தது. சிரிப்பா கோபமா என்று எனக்குத் தெரியவில்லை, அவருக்கும் தெரிந்திருக்காது. “பிள்ளைக்கு நேர்த்தி வைக்கிறதெண்டா என்னட்டை ஒரு சொல்லுச் சொல்லக்கூடாதே? நானும் வந்து பக்கத்தில நிண்டிருப்பனே!”

“நான் பிள்ளை கேக்கேல்லை.”

வல்லி அக்கா என்னைப் பார்த்தார். இது அவருக்கும் தெரியாத விஷயம். அவருக்குத் தெரியாத ஒன்று நடப்பதை நான் அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன்.

“பிறகென்னத்துக்கு வெள்ளிப் பிள்ளை?”

“அங்க கண் இருந்தது, கை இருந்தது, கால் இருந்தது. நான் கேக்கப் போனதுக்கு ஒண்டும் செய்து தொங்கவிடேல்லை. கிட்ட வந்தது பிள்ளைதான்.” டொக்டர் தொண்டையைச் செருமினார். எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார், வெளியே போகச் சொல்லத்தான் போகிறார் என்று நினைத்தேன். சொல்லவில்லை. “நீ குளியலறையைப் பூட்டிப்போட்டு, தண்ணியைத் திறந்துவிட்டு அழுறனி. மாசா மாசம். எனக்குக் கேக்காது எண்டு நினைக்கிறாய். எனக்குக் கேக்கும் கமலினி. கதவடியில வந்து நிப்பன். தட்டவேணும் எண்டு கை போகும். தட்டி என்ன சொல்லுறது? டொக்டர் எண்டுதான் பேர், என்னட்டை மருந்தில்லையே. அதுதான் பெட்டிக்குள்ள போட்டிட்டு, அங்கயே நிண்டு நிண்டு கேட்டனான். பிள்ளை தந்தாலும் சரி, தராட்டிலும் சரி, இவள் இனிமேல் தனிய இருந்து அழக்கூடாது எண்டு.”

கமலினி எழும்பினார். இரண்டு எட்டில் அறையைக் கடந்து வந்து, புருஷனின் கோட்டில் முகத்தைப் புதைத்து, வாய்விட்டு, ஊருக்கே கேட்கிற மாதிரி அழத் தொடங்கினார். தேநீர்த் தட்டோடு வந்த மேனேஜர் வாசலிலேயே திரும்பிப் போய்விட்டார். எனக்கும் கண்ணில் ஏதோ தூசி. ட்ராம் ஊழியர்களுக்கு இது சகஜம்.

டொக்டர் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் தவித்தார். “பாத்தியளே வல்லி அக்கா,” என்றார், குரல் உடைந்து, “இதுக்குத்தான் நான் இதுகளை நம்புறேல்லை. ஒரு நாள் கூடப் பலிக்கேல்லை!”

“தனியா அழக்கூடாதுன்னுதானே கேட்டீங்க, டாக்டர்?” என்றார் வல்லி அக்கா. “பலிச்சிடுச்சு.”

கடவுள் இல்லை என்று ஒரு மணித்தியாலம் மூச்சுவிடாமல் பேசக்கூடிய மனிதர், மனைவியின் முதுகை மெல்லத் தடவிக்கொண்டு நின்றார்.